நூல் பட்டுதா?

போன வாரம் கேபிள்காரப் பையன் வந்து மாடிக்கு ஏறி இறங்கி, முடிந்தது என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். உள்ளே டிவியில் ஒரு படமும் வரவில்லை. நான் வாசலில் நின்றபடி, "நூல் பட்டுதாடா?" என்று கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, விழுப்புரத்துப் பையன். செஞ்சியில் எங்கள் தெருவில் பிறந்திருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி மாடிக்கு ஏறியிருப்பான்.

அந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. கோட்டைக்குப் போகிற ரோட்டை ஒட்டி நாங்கள் குடியிருந்த தெருவில், என் வீட்டுக்கு எதிர் வீட்டு அக்காவுடையது. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் பஸ் பிடித்து வந்து, "இன்னாத்துக்குடி என் பேர இழுக்கற?" என்று என் தையல் மெஷின் எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அதை யார் சமாளிப்பது?

கட்டட வேலைக்குப் போகிறவள். கல்லும் மணலும் சுமக்கிற சித்தாளாகச் சேர்ந்து, எனக்குப் பழக்கமானபோது கொத்தனார்களையே அதட்டுகிற இடத்துக்கு வந்திருந்தாள். இடுப்பில் எப்போதும் ஒரு நூல்கண்டு செருகியிருக்கும். நீலப் பொடி தடவிய நூல். இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேராக ஒரு நீலக் கோடு விழும். அந்தப் பொடி அவளுடைய வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஊறிப்போயிருந்தது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணத்துக்குள் அந்த விரல்கள் போவதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் சுளிப்பதைப் பார்த்துவிட்டால் அவள் இன்னும் கொஞ்சம் எடுத்துப் பூசிக்கொள்வாள்.

நூலுக்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். காணும் பொங்கலன்று செஞ்சிக் கோட்டையில் கால் வைக்க இடமிருக்காது. வெளியூர் ஜனமெல்லாம் கட்டுச்சோற்றோடு வந்து இறங்கிவிடும். அந்தக் கூட்டம் கலைகிற நேரத்தில் எங்கள் தெரு முனையில் விளையாட்டுப் போட்டி தொடங்கும். மியூசிக்கல் சேர், ஸ்லோ சைக்கிள், கடைசியாக ஓட்டப் பந்தயம். கோட்டை மதிலிலிருந்து எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் வரைக்கும். எங்கள் பையன்களும் ஓடுவார்கள், காலனிப் பையன்களும் ஓடுவார்கள். முடிகிற இடத்தில் சுண்ணாம்பில் ஒரு கோடு கிழித்திருக்கும். வருஷா வருஷம் அந்தக் கோட்டில்தான் வம்பு. இவன் கால்தான் முந்தியது, இல்லை அவன் கால்தான் என்று ஆரம்பித்து, ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் பந்தயமே வேண்டாம் என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். அப்போதுதான் அக்கா கூட்டத்துக்குள் புகுந்து இடுப்பிலிருந்த நூல்கண்டை எடுத்தாள். கோட்டுக்கு மேலே நெஞ்சு உயரத்துக்கு நூலை இரண்டு பேர் பிடிக்கட்டும். எல்லாரும் வெள்ளை பனியன் போட்டு ஓடட்டும். எவன் பனியனில் நீலம் ஒட்டியிருக்கிறதோ அவன் ஜெயித்தவன், இதற்கு எதற்குப் பஞ்சாயத்து என்றாள். ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். இன்னொரு முனைக்கு ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். எந்தப் பக்கமும் சேராதவள் தெருவில் நான் ஒருத்திதானாம். உண்மை என்னவென்றால், எனக்கு அப்போது தெருவில் எல்லாரோடும் சண்டை.

அதற்குப் பிறகு எங்கள் பந்தயத்தில் அடிதடி இல்லை. எவனாவது ஓடி வந்து நான்தான் ஃபர்ஸ்ட் என்று குதித்தால், ஜனமே, "நூல் பட்டுதா?" என்று கேட்கும். அவன் குனிந்து பனியனைப் பார்ப்பான். நீலம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஓரமாகப் போய்விடுவான். ஊர்க்காரர்கள் அதோடு விட்டிருப்பார்கள். அக்கா விடவில்லை. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தாள்.

திருவண்ணாமலையிலிருந்து வருகிற பஸ்ஸில், ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கோட்டை மலை தெரிந்ததுமே செஞ்சிக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். படிக்கட்டில் நசுங்கிக்கொண்டு நிற்பதில் நம் ஜனத்துக்கு அப்படி ஒரு சுகம். அவள் மட்டும் சீட்டில் சாய்ந்தபடி, எங்கே ஓடுகிறீர்கள், நூல் பட்டுதா என்று பொதுவாகக் கேட்பாள். பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நின்று, டிரைவர் இன்ஜினை அணைத்த பிறகுதான் செருப்பையே தேடுவாள். கூடப் போன பாவத்துக்கு நானும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உள்ளாட்சித் தேர்தல் எண்ணிக்கையன்று ஒரு வேட்பாளரின் ஆட்கள் முதல் சுற்றிலேயே சரவெடி கொளுத்திவிட்டார்கள். அவள் வேலைக்குப் போகிற வழியில் நின்று, வெடியில் பாதியை எடுத்து வையுங்கள், நூல் படட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் அந்த ஆள் தோற்றுப்போனார். அபசகுனமாகப் பேசிய பொம்பளை என்று அவர் வீட்டில் இவளுக்குத்தான் திட்டு விழுந்தது.

வீடு கட்டுகிறவர்கள் மேல்தளம் போடுகிற நாளில் வேலையாட்களுக்குப் பிரியாணி போடுவது வழக்கம். வாசனை வந்துவிட்டால் ஆட்களுக்குக் கை ஓடாது. மிச்சம் நாலு சட்டிக் கலவைதானே, சாப்பிட்டுவிட்டுக் கொட்டலாம் என்பார்கள். அவள் ஏணிக்குக் குறுக்கே நின்றுகொள்வாள். கடைசிச் சட்டிக் கலவை விழுந்து, கொத்தனார் அதை மட்டம் தட்டுகிறவரைக்கும் ஒருவரும் இறங்க முடியாது. ஆறிப்போன பிரியாணியைத் தின்றுகொண்டு அவர்கள் வாய்க்குள்ளேயே அவளைத் திட்டுவார்கள்.

புருஷன் எவளோ ஒருத்தியோடு போனவன். திருந்திவிட்டேன், பொங்கலுக்கு வருகிறேன் என்று ஒரு தடவை சொல்லியனுப்பினான். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். நாத்தனார் கோழி அடித்துக் குழம்பே வைத்துவிட்டாள். அக்கா பூவும் வைக்கவில்லை, புடவையும் மாற்றவில்லை, துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் வரவில்லை. மத்தியானம் குழம்புச் சட்டியோடு என் வீட்டுக்கு வந்து, உன் பிள்ளைகளுக்குப் போடு என்றாள். கண் கலங்கியிருந்ததா என்று நான் பார்த்தேன். கலங்கித்தான் இருந்தது. ஆனால் குழம்பில் உப்புக் குறைச்சல் என்றுதான் சொன்னாள்.

எல்லாம் சரி, எனக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டு வயிறு எரிந்திருக்கிறது. என் மகள் கல்யாணம் பேசி முடித்து, தட்டு மாற்றி, முதல் ஸ்வீட் பாக்கெட்டை அவளிடம்தான் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, "நூல் பட்டுதா?" என்றாள். நல்ல நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? கல்யாண நாள் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. அவள் பாட்டுக்கு வந்து பந்தலுக்கு வாழைமரம் கட்டினாள், பாத்திரம் கழுவினாள். தாலி கட்டின நிமிஷத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து என்னைத் தேடிப் பிடித்து, தலையை ஒரு தரம் ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்பாளே தவிர, பட்டுவிட்டது என்று அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இப்போது கூரை விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்குத் தெருக் கோடியில் ஒரு துண்டு மனை இருந்தது. வேலையில்லாத நாட்களில் அவளே கல் அடுக்கி, கூட வேலை செய்கிறவர்களைக் கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்து, சுவரை எழுப்பிவிட்டாள். கூரை மட்டும் நின்றுபோனது. தளம் போட வேண்டுமானால், காங்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கிப் பிடிக்கப் பலகையும் இரும்பு முட்டும் வேண்டும். அதெல்லாம் அவள் வேலை பார்த்த காண்ட்ராக்டரிடம் இருந்தது. ஊரில் பாதிக் கட்டடம் அவருடையது. பொங்கல் கழிந்ததும் பலகையும் முட்டும் சும்மாவே தருகிறேன், தளத்தைப் போட்டுக்கொள் என்று அவராகவே சொல்லியிருந்தார். நூல் படட்டும் என்று அக்கா என்னிடம் அலட்சியமாகத்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் காலையில் நான் கோலம் போட வந்தபோது, அவள் அந்த நாலு சுவருக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது ஒன்றின் மேல் ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பொங்கல் பந்தயத்துக்குக் கோப்பை கொடுத்தவரும் காண்ட்ராக்டர்தான். அவர் மகன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான், நல்ல பையன். காலை வேளையில் கோட்டையைச் சுற்றி ஓடிப் பழகுவான். அன்றைக்கு அவன்தான் முதலில் வந்துகொண்டிருந்தான். கொஞ்ச தூரம் பின்னால் ஒரு காலனிப் பையன். காண்ட்ராக்டர் எங்களுக்குப் பக்கத்தில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மகன் அந்தப் போனைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கி, முகமெல்லாம் சிரிப்பாக, நடக்கிற மாதிரி வந்தான். நம் பையன்களுக்கு இந்த வியாதி உண்டு, கோட்டுக்கு முன்னாலேயே ஜெயித்துவிடுவார்கள். காலனிப் பையன் குனிந்த தலை நிமிராமல் வந்து நெஞ்சைக் கொடுத்தான். நூல் என் விரலிலிருந்து வெடுக்கென்று போனது. அவன் பிள்ளையார் கோவில் படியில் போய் விழுந்தான்.

அதற்குள் மைக்கில் காண்ட்ராக்டர் மகன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். வெடி வெடித்தாகிவிட்டது. மாலை அவன் கழுத்தில் விழுந்தாகிவிட்டது. அக்கா படிப்பக்கம் கையைக் காட்டினாள். விழுந்தவன் எழுந்து நின்றான், பனியனில் இந்த விலாவிலிருந்து அந்த விலா வரைக்கும் நீலக் கோடு. காண்ட்ராக்டர் வீடியோ இருக்கிறது என்றார். போட்டுக் காட்டினார். அதில் மகன் முகமும் தூக்கின கையும்தான் இருந்தன. நூலும் இல்லை, கோடும் இல்லை, அந்தப் பையனும் இல்லை.

ஜனம் முணுமுணுக்க ஆரம்பித்ததும் அவர் எங்கள் இரண்டு பேரையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலை இறக்கினார். மிரட்டியிருந்தாலாவது பரவாயில்லை, கெஞ்சுகிற மாதிரி பேசினார்.

"இத பாரும்மா. என் பையன்தான் ஃபர்ஸ்ட்டுன்னு பொய் சொல்லச் சொல்லல. ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாங்க, ஜாயின்ட் ஃபர்ஸ்ட்டு. அவ்ளோதான். நாளைக்கு காலைல உன் வீட்டுக்கு பலகை வந்து எறங்கும்."

என்னையும் பார்த்தார். நூல் என் விரலை அறுத்துக்கொண்டு போனது எந்தப் பையனோடு என்று எனக்குத் தெரியும், என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அவரிடம் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை, அதனால் சொல்வது சுலபம். அக்காவுக்கு அப்படி இல்லை. அவள் கொஞ்ச நேரம் தெருவின் அந்தக் கோடியில் தெரிந்த தன் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு நேராக நடந்து போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"கப்பு அவரோடது. யாருக்கு வேணா குடுத்துக்கட்டும். நூலு என்னுது. அது எவன் பனியன்ல இருக்குதுன்னு கண்ணு இருக்கறவங்க பாத்துக்கோங்க."

காண்ட்ராக்டர் கோப்பையை மகன் கையில் திணித்து, அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அந்தப் பையன் கோப்பையை மடியில் வைக்காமல் காலடியில் வைத்ததைப் பார்த்தேன். காலனிக்காரர்கள் தங்கள் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கல் பறக்கவில்லை. நீலம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருந்தது.

மறுநாளிலிருந்து அக்காவுக்கு வேலை இல்லை. அவரிடம் மட்டும் இல்லை, செஞ்சியில் எங்குமே இல்லை. மேஸ்திரிகள் அவளைக் கண்டால் போன் பேசுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, அவள் மேலும் சேர்த்துத்தான். ஒரு வார்த்தை, ஜாயின்ட் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலைக்கு மேல் தளம் வந்திருக்குமே, உனக்கென்ன அப்படி ஒரு வீம்பு என்று அவள் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். அவள் பழைய சிமென்ட் ஷீட்டுகளைச் சுவர் மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தாமலேயே சொன்னாள்.

"அந்தத் தளத்துக்குக் கீழ படுத்துக்கினு மேல பாத்தா, எனக்கு இன்னாடி தெரியும்?"

ஷீட்டின் இந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன். அது முடிந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, பெங்களூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே கட்டட வேலைக்கு நம் பக்கத்து ஆட்கள் நிறைய. போன் செய்தால், வேலை நடக்குது, நீ வெச்சிடு என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த பொங்கலுக்குப் போட்டி முழுவதும் காண்ட்ராக்டர் பொறுப்பில் நடந்தது. பஜாரிலிருந்து பளபளவென்று சிவப்பு ரிப்பன் வாங்கி வந்திருந்தார்கள். அதைப் பிடிக்க அவருடைய ஆட்கள் இரண்டு பேர். நூலெல்லாம் பழைய காலம், ரிப்பனை அறுத்தவன் ஜெயித்தவன் என்று மைக்கில் அறிவித்தார்கள். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று நான் நின்றிருந்தேன்.

பந்தயம் தொடங்கப் போகிற நேரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்து ஒரு பையோடு அக்கா வந்தாள். கறுத்து, இளைத்துப் போயிருந்தாள். யாரையும் கேட்கவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. ரிப்பன் பிடித்திருந்தவர்களைத் தாண்டி நடந்து, பிள்ளையார் கோவில் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நின்றாள். இடுப்பிலிருந்து நூல்கண்டை எடுத்து ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள். என் காலுக்கு என்ன வந்ததோ, நான் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

ஜனம் சிரித்தது. காண்ட்ராக்டர் மைக்கில் முதலில் அதட்டினார், பந்தயத்துக்கு இடைஞ்சல் செய்யாதே என்றார். அவள் அசையவில்லை. அப்புறம் அவர் குரல் மாறியது. போனது போகட்டும், ஊர் அறியச் சொல்கிறேன், அந்த நூலைச் சுருட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடு, பலகையும் முட்டும் நாளைக்கே அனுப்புகிறேன் என்றார். சிரிப்பு நின்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மைக் இல்லாமலேயே பேசினாள்.

"தலைக்கு மேல ஷீட் இருக்குது. அதுல வெயிலு எறங்குது. அதுக்கு இன்னா இப்போ? நீ ரேஸை உடு."

விட்டார்கள். அந்த வருஷமும் காண்ட்ராக்டர் மகன்தான் முன்னால் வந்தான். முந்தின வருஷம் ஜெயித்தவனும் ஓடினான், ஆனால் நல்ல தூரம் பின்னால் இருந்தான். தகராறுக்கே இடமில்லாத ஓட்டம். அப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். மகன் ரிப்பனை அறுத்தான். மைக் அவன் பெயரைச் சொல்லி அலறியது. வெடி வெடித்தது.

அவன் கையைத் தூக்கவில்லை, நிற்கவும் இல்லை. அறுந்த ரிப்பன் தோளில் படபடக்க, தலையைக் குனிந்துகொண்டு நேராக எங்களைப் பார்த்து வந்தான். என்ன நடக்கிறது என்று நான் யோசிக்கும் முன்னால் நூல் என் விரலை அறுத்துக்கொண்டு போனது. அவனுக்குப் பின்னால் காலனிப் பையனும், மற்ற எல்லாரும் ரிப்பன்காரர்களைத் தாண்டி அந்த இடம் வரைக்கும் ஓடி வந்துதான் நின்றார்கள். காண்ட்ராக்டர் தூக்கின போனோடு அப்படியே நின்றுவிட்டார்.

மகன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். தோளில் கிடந்த சிவப்பு ரிப்பனை உருவிக் கீழே போட்டான். பனியனை இரண்டு கையாலும் இழுத்து விரித்து அக்காவின் எதிரில் நின்றான். மைக் நின்றுபோயிருந்தது. அவன் கேட்டது தெருவுக்கே கேட்டது.

"அக்கா, நூல் பட்டுதா?"

கட்டின சுவரைத் தடவிப் பார்க்கிற மாதிரி, அந்த நீல விரலைக் கோட்டின் இந்த முனையில் வைத்து அந்த முனை வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள்.

"பட்டுதுடா" என்றாள்.

அந்தக் கேள்விக்கு அவள் வாயால் பதில் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.